பேருந்து நடத்துநர்களும் பாஸ்டன் சிறுவர்களும்: நடையும் வழிகாட்டலும் பற்றி ஆய்வுகள் கூறுவது என்ன?

லண்டன் மாநகரின் சிவப்பு நிற இரட்டை மாடிப் பேருந்துகளில் நடத்துநர் என்ற பணியாளரை இன்று காண முடியாது. பயணச்சீட்டுகளை வழங்கியபடி மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் நாள் முழுவதும் ஏறி இறங்கிய அந்தத் தொழிலாளர்கள், 2005ஆம் ஆண்டு டிசம்பரில் பழைய ரூட்மாஸ்டர் பேருந்துகள் வழமையான சேவையிலிருந்து விலக்கப்பட்டபோது ஏறத்தாழ மறைந்து போயினர். ஆனால், அன்றாட உடலசைவுக்கும் இதய நோய்க்கும் இடையிலான தொடர்பை மருத்துவ உலகம் தெளிவான எண்களில் முதன்முதலாகக் கண்டது அவர்களிடம்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் மாரடைப்பு மரணங்கள் பிரிட்டனில் வேகமாகப் பெருகிவந்தன. காரணம் எவருக்கும் புரியவில்லை. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவரது குழுவினரும் லண்டன் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண்களின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்தனர். ஒரே நிறுவனம், ஒரே வாகனம், ஏறக்குறைய ஒரே சமூகப் பின்னணி. வேறுபாடு ஒன்றுதான்: ஓட்டுநர் தமது பணிநேரத்தின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழித்தார், நடத்துநரோ ஒரு பணிநாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். 1953ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியான முடிவுகளின்படி, நடத்துநர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாகவே ஏற்பட்டது. ஏற்பட்டபோதும் அது பிந்திய வயதிலும், உயிரைப் பறிக்காத வடிவிலும் அமைந்தது. அஞ்சல் துறையிலும் இதே தோற்றம் தென்பட்டது. கடிதங்களைச் சுமந்து நடந்தவர்களும் சைக்கிளில் சென்றவர்களும், அலுவலகத்தில் அமர்ந்திருந்த எழுத்தர்களையும் தொலைபேசி இணைப்பாளர்களையும் விட நலமாக இருந்தனர்.

இதனை அப்படியே ஏற்க முடியுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஏற்கெனவே பருமனாக இருந்தவர்கள்தான் ஓட்டுநர் இருக்கையை நாடினார்களோ? அதனைச் சோதிக்க மோரிஸ் குழுவினர் தொழிலாளர்களின் சீருடை அளவுகளைத் தேடிப் பிடித்தனர். ஓட்டுநர்களின் இடுப்பளவு தொடக்கத்திலிருந்தே சற்று அதிகமாக இருந்தது தெரியவந்தது. ஆகவே வேறுபாடு முழுவதையும் படிக்கட்டுகளின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர். தமது கண்டுபிடிப்புக்குத் தாமே ஐயம் எழுப்பிய இந்த நேர்மை, பின்வந்த எழுபது ஆண்டு ஆய்வுகளுக்கு நல்ல அடித்தளமாயிற்று.

மோரிஸ் 2009ஆம் ஆண்டு அக்டோபரில், நூறாவது பிறந்தநாளுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது காலமானார். கிளாஸ்கோ நகரில் வளர்ந்த சிறுவனாக, தந்தையுடன் நெடுந்தூரம் விரைந்து நடந்த நாட்களை அவர் முதுமையிலும் நினைவுகூர்ந்ததுண்டு. நடையும் வழிகாட்டலும் பொதுவாக இரு வேறு துறைகளாகவே பேசப்படுகின்றன. ஒன்று மருத்துவர்களுக்கும் மற்றது சமூகப் பணியாளர்களுக்கும் உரியதாகிவிட்டது. அந்தக் கிளாஸ்கோ வீதியில் அவை ஒன்றாகவே இருந்தன.

பத்தாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடிகள் நடக்க வேண்டும் என்பது இன்று கைத்தொலைபேசிகள் வரை ஊடுருவிவிட்ட கட்டளை. இதன் பிறப்பிடம் ஆய்வுக்கூடம் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்கு மறு ஆண்டான 1965இல் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் காலடிகளை எண்ணும் சிறு கருவியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குச் சூட்டப்பட்ட மன்போ-கெய் என்ற பெயருக்கு 'பத்தாயிரம் காலடி மானி' என்று பொருள். விற்பனைப் பெயர் காலப்போக்கில் மருத்துவ விதியாகத் தோற்றம் கொண்டுவிட்டது.

பின்னர் வந்த ஆய்வுகள் இதைவிட ஆறுதலான செய்தியைத் தருகின்றன. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-மின் லீ தலைமையிலான குழு, சராசரி வயது 72 கொண்ட 16,741 அமெரிக்கப் பெண்களின் காலடிகளைக் கருவிகள் மூலம் அளந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டது. நாளொன்றுக்குச் சுமார் 2,700 காலடிகள் நடந்தவர்களுடன் ஒப்பிடுகையில், வெறும் 4,400 காலடிகள் நடந்தவர்களிடம் அந்த ஆய்வுக் காலத்தில் மரண விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 காலடிகளுக்கு மேல் கூடுதல் பயன் ஏதும் தென்படவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் லான்செட் குழும சஞ்சிகை ஒன்றில் வெளியான பகுப்பாய்வும், நாளொன்றுக்கு 2,000 காலடிகளை விட 7,000 காலடிகள் நடப்போரிடம் மரண விகிதம் 47 சதவீதம் குறைவு என்று கூறியது.

இவை தொடர்பை மட்டுமே காட்டும் ஆய்வுகள் என்பதை மறந்துவிடலாகாது. நோயாளி குறைவாக நடப்பார் என்பதும் உண்மையே. நடையைத் திட்டமிட்டு வழங்கிச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள்தான் உறுதியான சான்று. அவற்றில் மிக முக்கியமான ஒன்று சென்னையில் நடந்தது. தமிழர்களின் உடலைப் பற்றியது என்பதால் அது நமக்குக் கூடுதல் பொருத்தமுடையது.

மருத்துவர் அம்பாடி ராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்ற இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழமையான அறிவுரை மட்டும். இரண்டாவது குழுவினர் உணவுமுறையைத் திருத்திக்கொண்டு, நாள்தோறும் குறைந்தது அரை மணி நேரம் வேகமாக நடக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது குழுவுக்கு இரண்டும். 2006இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று ஆண்டுகளில் முதல் குழுவினரில் 55 சதவீதத்தினர் நீரிழிவு நோயாளிகளாயினர். நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் மேற்கொண்டவர்களில் அது 39 சதவீதமாக இருந்தது. மாத்திரை தந்த பயனும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது மேலதிகப் பயன் கிட்டவில்லை.

தெற்காசிய வம்சாவளியினருக்கு ஐரோப்பியரை விட இரண்டாம் வகை நீரிழிவு நோய் ஏற்படும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்றும், அது இளவயதிலேயே தாக்குகிறது என்றும் பிரிட்டன் மருத்துவ வட்டாரங்கள் நீண்ட காலமாகக் கூறிவருகின்றன. உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால் ஐரோப்பியருக்கு எச்சரிக்கை. தெற்காசியருக்கு அந்த எல்லை 23 என்று 2013இலேயே அங்கு வழிகாட்டுதல் வெளியாயிற்று. இலண்டனிலும் டொராண்டோவிலும் பாரிஸிலும் இரவுப் பணி, நெடுநேர வாகனப் பயணம், வார இறுதி விருந்து என்று சுழலும் நமது வாழ்க்கைக்கு இந்த இரண்டு எண்களும் போதிய அச்சத்தைத் தர வேண்டியவை.

நமது பிள்ளைகள் இதற்கு விதிவிலக்கு என்று எண்ணவும் இடமில்லை. உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டு வரையிலான தரவுகளைத் தொகுத்தபோது, 11 முதல் 17 வயது வரையிலான பள்ளி மாணவர்களில் 81 சதவீதத்தினர் நாளொன்றுக்கு ஒரு மணி நேர உடலசைவு என்ற பரிந்துரையை எட்டவில்லை என்று தெரியவந்தது. பெண்பிள்ளைகளிடம் நிலைமை இன்னும் மோசம்.

உதவி தீங்காக மாறியபோது

நடையின் கதையைச் சொல்வது எளிது: செய்தால் நன்மை, விட்டால் நன்மையும் விடைபெறும். இளையோருக்கு வழிகாட்டுதலின் கதை அவ்வளவு எளிதன்று. நல்ல நோக்கம் ஒன்றே போதும் என்று எண்ணுவோர் அறிந்திருக்க வேண்டிய ஆய்வொன்று அமெரிக்காவில் நடந்தது.

பாஸ்டன் நகரை ஒட்டிய கேம்பிரிட்ஜ், சோமர்வில் ஆகிய தொழிலாளர் நகரங்களில், ஹார்வர்ட் பேராசிரியரான மருத்துவர் ரிச்சர்ட் கிளார்க் கேபட் வகுத்த திட்டம் 1939இல் தொடங்கியது. 506 சிறுவர்கள் வயதிலும் குடும்பச் சூழலிலும் ஒத்த இணைகளாகப் பிரிக்கப்பட்டனர். நாணயம் சுண்டி, ஒவ்வொரு இணையிலும் ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு இல்லை என்று முடிவாயிற்று. உதவி பெற்றவர்களின் வீட்டுக்கு ஆலோசகர் ஒருவர் மாதத்துக்குச் சராசரியாக இருமுறை சென்றார். பாடத்தில் உதவி, மருத்துவ உதவி, விளையாட்டு, கோடைகால முகாம் என்று சராசரியாக ஐந்தரை ஆண்டுகள் இது நீடித்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கோர்ட் என்ற ஆய்வாளர், நடுவயதை எட்டிவிட்ட அந்தச் சிறுவர்களைத் தேடிச் சென்றார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அத்திட்டம் தமக்கு நன்மை செய்ததாகவே நம்பினர். பதிவேடுகள் வேறு கதை கூறின. உதவி பெறாதவர்களை விட அவர்களிடையே குடிப்பழக்கமும், மன அழுத்தம் சார்ந்த நோய்களும், இளவயது மரணமும் கூடுதலாகக் காணப்பட்டன. ஒருமுறை குற்றம் புரிந்தவர்களில், மீண்டும் குற்றம் புரிந்தோர் அக்குழுவில்தான் அதிகம். 1978இல் வெளியான இந்த முடிவு சமூகப் பணித் துறையை அதிரவைத்தது.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? மெக்கோர்ட் பின்னாளில் மேற்கொண்ட பகுப்பாய்வு ஒரு தடயத்தைக் காட்டியது. ஒருமுறைக்கு மேல் கோடைகால முகாமுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களிடமே தீய விளைவு குவிந்திருந்தது. குழப்படிச் சிறுவர்களை ஓரிடத்தில் கூட்டிவைத்தபோது, அவர்கள் பெரியவர்களிடம் கற்றதை விட ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதே அதிகம் என்பது அவரது விளக்கம். எமது சமூக அமைப்புகள் இளைஞர்களுக்காக எதையேனும் செய்ய விரும்பினால், முதலில் மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கூட்டம் சேர்ப்பதே வழக்கம் என்பதை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டு மாதக் கணக்கு

ஒருவருக்கு ஒருவர் என்ற முறை இதற்கு மாற்றாக அமைந்தது. 1904இல் நியூயார்க் சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராகப் பணியாற்றிய எர்னஸ்ட் கோல்ட்டர் விடுத்த அழைப்பிலிருந்து வளர்ந்த இயக்கம், இன்று பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற பெயரில் பல நாடுகளில் இயங்குகிறது. அண்ணன், அக்காள் என்ற உறவுப்பெயர்களையே அமைப்பின் பெயராக்கிய இந்த முறை நமக்கு அந்நியமானதல்ல.

10 முதல் 16 வயது வரையிலான 959 பேரிடம் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வில், வழிகாட்டி கிடைத்த இளையோர் போதைப்பொருளைத் தொடும் வாய்ப்பு, காத்திருப்புப் பட்டியலில் இருந்தோரை விட 46 சதவீதமும், மதுவைத் தொடும் வாய்ப்பு 27 சதவீதமும் குறைந்திருந்தன. அவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்களும் ஏறத்தாழப் பாதியாகின. வழிகாட்டிகள் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. மாதத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு மணி நேரம் உடனிருந்தனர். உண்பதும் உலாவுவதும் பேசுவதும்தான் அவர்களின் பணி.

அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்த ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட முடிவு, என் கருத்தில் இத்துறையின் மிக முக்கியமான எச்சரிக்கை. ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பயன் பெரிதாக இருந்தது. ஆறு மாதத்துக்குள் முறிந்தவற்றில் பயன் மங்கியது. மூன்று மாதத்துக்குள் கைவிடப்பட்ட இளையோரிடமோ, தம்மைப் பற்றிய மதிப்பு முன்னிருந்ததை விடவும் சரிந்தது. ஏற்கெனவே பெரியவர்களால் ஏமாற்றப்பட்ட பிள்ளைக்கு, பாதியில் விட்டுப்போகும் இன்னொரு பெரியவர் புதிய காயமாகிறார்.

இதை எழுதுபவருக்கும் இதில் பங்குண்டு. புலம்பெயர்ந்த தொடக்க ஆண்டுகளில், புதிதாக வந்துசேர்ந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வாரந்தோறும் ஆங்கிலமும் ஊர்வழியும் காட்டுவதாக ஒப்புக்கொண்டேன். பத்து வாரங்கள் சென்றிருப்பேன். பணிமுறை மாறியது; ஒரு வாரம் தவறியது; பின்னர் தொலைபேசி எடுக்கவே கூச்சமாகிவிட்டது. முடிந்துவிட்டது என்று அவனிடம் சொல்லக்கூட இல்லை. அவனுக்கு உதவினேன் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். கிராஸ்மன், ரோட்ஸ் கட்டுரையை வாசித்த பிறகு அந்தக் கணக்கைத் திருத்த வேண்டியதாயிற்று.

வழிகாட்டலின் பயனை மிகைப்படுத்துவதும் தவறு. 73 மதிப்பீடுகளைத் தொகுத்து 2011இல் வெளியான பகுப்பாய்வு, சராசரிப் பயன் மிதமானதே என்று கூறுகிறது. தன்னார்வலரைக் காட்டி அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவுவதற்கும் இடம் தரலாகாது. இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டுக்குப் பிந்திய பத்தாண்டுகளில் உள்ளூராட்சி அமைப்புகள் இளைஞர் சேவைகளுக்குச் செலவிட்ட தொகை சுமார் 70 சதவீதம் வீழ்ந்தது. மூடப்பட்ட இளைஞர் நிலையத்தின் இடத்தை ஞாயிற்றுக்கிழமை மாமா ஒருவர் நிரப்பிவிட முடியாது.

பால்டிமோர் முதியவர்கள்

வழிகாட்டுபவருக்கு என்ன கிடைக்கிறது? இங்கேதான் நமது இரண்டு கதைகளும் சந்திக்கின்றன. எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற அமெரிக்கத் திட்டம், அறுபது வயதைக் கடந்தோரை ஆரம்பப் பள்ளிகளுக்கு அனுப்பியது. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் அவர்கள் வாசிப்பிலும் நூலகத்திலும் சிறுவர்களுக்குத் துணையிருந்தனர். பால்டிமோர் நகரில் 702 முதியவர்களைக் கொண்டு இது குலுக்கல் முறையில் சோதிக்கப்பட்டது. வயதுடன் வழமையாகக் குறையும் நடை, பள்ளிக்குச் சென்ற பெண்களிடம் குறையாமல் நின்றது. ஆண்களிடம் நடையில் மாற்றம் தெரியவில்லை. ஆயினும் மூளையில், வயதுடன் சுருங்கும் சில பகுதிகளின் அளவு குறித்த பரிசோதனையில் ஆண்களிடமே நல்ல அறிகுறி தென்பட்டது.

இவர்களை எவரும் உடற்பயிற்சிக்கு அழைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தம்மை எதிர்பார்த்து ஒரு பிள்ளை காத்திருக்கிறது என்பதற்காக அவர்கள் வீட்டைவிட்டு வெளியேறினர். நடை தானாக வந்தது. ஸ்காபரோவிலும் ஹரோவிலும் பேரப்பிள்ளைகளுக்காக அழைத்துவரப்பட்டு, குளிர்காலம் முழுவதும் சன்னலோரத்தில் அமர்ந்திருக்கும் அம்மம்மாக்களையும் அப்பப்பாக்களையும் அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். நீரிழிவுக்கு நடக்கச் சொன்னால் பனியும் முழங்கால் வலியும் தடை. பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும் என்றால் மூன்று மணிக்கே சப்பாத்து அணிந்து நிற்பார்கள்.

அத்தகைய ஒரு துணை பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் நடந்த நெடுங்கால ஆய்வு சான்று. 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் சகாக்களும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் நோய் ஆகியவற்றுக்கிடையே பிறந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் திடமான மனிதராக வளர்ந்தார். அவ்வாறு வளர்ந்தவர்களின் வாழ்வில், பெற்றோரைத் தவிர, நிலையாக அக்கறை காட்டிய பெரியவர் ஒருவராவது இருந்தார்: பாட்டி, சித்தி, ஆசிரியர், அயலவர் என்று.

போரும் இடப்பெயர்வும் நமது சமூகத்தில் துண்டித்தது இந்த இரண்டாம் வட்டத்தைத்தான். பெற்றோர் பிள்ளைகளுடன் தப்பி வந்தனர். சித்தியும் மாமாவும் அயலவரும் வரவில்லை. டொராண்டோவில் 1990களில் தமிழ் இளைஞர் குழு மோதல்கள் உயிர்களைப் பறித்தபோதும், 2001இல் காவல்துறை சுமார் ஐம்பது பேரை ஒரே நடவடிக்கையில் கைது செய்தபோதும், பெற்றோர் மீது பழி சுமத்தப்பட்டது. அப்பெற்றோர்களில் பலர் இரண்டு வேலைகளில் இருந்தனர். அந்த வெற்றிடத்தை உணர்ந்து 1990களின் இறுதியில் கனடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியவர்கள், அதே தலைமுறையின் இளைஞர்களே.

நடந்தபடி பேசுவதில் ஒரு வசதியுண்டு. முகத்துக்கு நேரே அமர்ந்து "என்னடா பிரச்சினை?" என்று கேட்டால் பதினைந்து வயதுப் பிள்ளை தோளைக் குலுக்கும். அருகருகே நடக்கையில் கண்கள் வீதியில் இருக்கின்றன. மௌனம் விசாரணையாகத் தோன்றுவதில்லை. பிள்ளையின் தமிழும் பெரியவரின் ஆங்கிலமோ ஜெர்மனோ பாதிவழியில் நின்றுவிடும் குடும்பங்களில் இது சிறிய வசதியன்று. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட பரிசோதனைகளிலும், அமர்ந்திருக்கும்போதை விட நடக்கும்போது மனதில் புதிய எண்ணங்கள் சராசரியாக 60 சதவீதம் அதிகமாக எழுந்தன.

பிறர் பிள்ளையுடன் பழகுவதற்குச் சட்டமும் நியாயமும் சார்ந்த வரம்புகள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறுவர்களுடன் ஒழுங்காகப் பணியாற்றும் தன்னார்வலரின் குற்றப் பதிவுகளை அமைப்புகள் சரிபார்க்கின்றன. வேறு நாடுகளிலும் இதற்கொத்த நடைமுறைகள் உள்ளன. இதனை அவமதிப்பாகக் கருதும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தவிர்ப்பதே நல்லது. பெற்றோர் அறிந்த வழி, பலர் நடமாடும் பூங்கா, முன்கூட்டியே சொல்லப்பட்ட நேரம் ஆகியன போதுமான தொடக்கம். ஓராண்டுக்கு முடியும் என்று தோன்றாவிட்டால், ஆறு வாரம் என்று முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடலாம். சொல்லாமல் நின்றுபோவதுதான் காயப்படுத்துகிறது.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடைபெறும் கட்டடங்களுக்கு வெளியே இரண்டு மணி நேரம் கார்களின் இயந்திரத்தை ஓடவிட்டுக் காத்திருக்கும் தந்தையரை, குளிர்காலத்தில் எந்த நாட்டிலும் காணலாம். உள்ளே மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் வகுப்பு முடிந்து, கைத்தொலைபேசியுடன் படிக்கட்டில் அமர்ந்திருப்பார்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு பூங்கா இருக்கும்.